4,500 ரூபா இறுவட்டும் தம்பியின் படகும்

கேள்வி: நாங்கள் திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறோம். 6, 9 வயதுப் பிள்ளைகள் இருவரும் ஒரு அனிமேஷன் படத்தின் டிவிடி வேண்டுமென்று நச்சரிக்கிறார்கள். கனடாவில் வெளியான மூலப் பிரதியைக் கொழும்பில் ஒருவர் 4,500 ரூபாவுக்கு விற்கிறார். செயலி மூலம் மூன்று தவணைகளில் கட்டலாமாம். தம்பியின் சுற்றுலாப் படகுக்காக என் நகையை 150,000 ரூபாவுக்கு வங்கியில் ஈடு வைத்திருந்தேன். வருட முடிவில் வட்டியை நானே கட்டி, பவுண் விலை ஏறியிருந்ததால் 200,000 ரூபாவுக்கு மறுபடி வைத்து, மேலதிகப் பணத்தையும் அவனிடமே கொடுத்தேன். மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. அவன் இன்னும் எதுவும் திருப்பித் தரவில்லை. இந்த நிலையில் படம் வாங்குவது வீண் செலவா?

பதில்: படத்தின் கணக்கு சிறியது. இந்த வயதுப் பிள்ளைகள் பிடித்த படத்தை ஒரு தடவையோடு விடமாட்டார்கள். விடுமுறைகளில் பதினைந்து முறை பார்த்தால், ஒரு முறைக்கு 300 ரூபாதான். ஆனால் வாங்குமுன் உறையின் பின்புறத்தில், பூமி உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்; உலகின் எந்தப் பகுதிப் பிளேயர்களில் அந்த இறுவட்டு ஓடும் என்பதைக் காட்டும் பிராந்திய எண் அது. கனடாவுக்கான இறுவட்டுகள் பெரும்பாலும் பிராந்தியம் 1ஐச் சேர்ந்தவை; இலங்கை பிராந்தியம் 5இல் இருக்கிறது. எல்லாப் பிராந்திய இறுவட்டுகளையும் ஓட்டும் பிளேயர் உங்கள் வீட்டில் இல்லையென்றால், 4,500 ரூபாவுக்கு அழகான உறை மட்டுமே மிஞ்சும். எந்தெந்த மொழிகளில் ஒலி உள்ளது என்பதும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது படமல்ல, அதற்கு அடுத்ததாக நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஈட்டு விவரம். முதல் வருடம் மாதம் 2,250 ரூபா வீதம் 27,000 ரூபா வட்டியாகப் போயிற்று. இப்போது மாதம் 3,000 ரூபா ஏறுகிறது. அதாவது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் இந்த டிவிடியின் விலை, உங்களுடைய ஒன்றரை மாத வட்டி. பவுண் விலை ஏறும்போதெல்லாம் வங்கி கூடுதலாகத் தர முன்வரும், அதை வருமானம் போல எண்ணி எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உண்மையில் நகை அதே நகைதான், கடன் மட்டுமே வளர்ந்திருக்கிறது. இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தாமல் பிள்ளைகளின் படத்தில் மிச்சம் பிடிப்பது, வள்ளத்தில் ஓட்டை இருக்க அணியத்தைக் கழுவுவது போன்றது.

தம்பியிடம் கேட்கச் சங்கடப்படுவீர்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாடைக்காலத்தில் கேட்டால், படகு கரையில் கிடக்கிறது என்ற அவருடைய பதில் நியாயமாகவே இருக்கும். ஆகவே, மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருந்து, புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் பயணிகள் வரும் மாதங்களுக்கென்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அந்த ஐந்து மாதங்களில் மாத வட்டிக்கு மேலாக மாதம் 25,000 ரூபா வீதம் அவர் தந்தால், முதலில் 125,000 ரூபா அடைந்துவிடும்; மீதி 75,000 ரூபாவுக்கு மாத வட்டி 1,125 ரூபாவாகக் குறையும். பகுதிப் பணத்தை வங்கி ஏற்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று அவர் வந்தால், நகையின் மேல் இனி ஒரு ரூபாவும் எடுப்பதில்லை என்று சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்று தவணைச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. வட்டியில்லை என்கிறார்கள், தவணை பிந்தினால் கட்டணம் உண்டு என்பதைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். 1,500 ரூபாவைக்கூடப் பிறகு கட்டலாம் என்று தோன்றினால், அந்தப் பொருளை இந்த மாதம் வாங்காதீர்கள். இறுவட்டு உங்கள் பிளேயரில் ஓடுமென்று உறுதியானால், சித்திரை விடுமுறைக்கு முன் முழுப் பணத்தையும் கையில் கொடுத்து வாங்குங்கள். ஈட்டுச் சீட்டை எடுத்து மீட்பு நாளைப் பார்த்து, அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்; தம்பி கட்டும் பணம் உங்கள் கைக்கு வராமல் நேரே வங்கிக்குப் போகட்டும், பற்றுச்சீட்டு மட்டும் உங்களிடம் வரட்டும்.