செலடான் பச்சைக்குப் பதில் தேன் மஞ்சள் வருகிறதா?

செலடான் என்பது இரும்பு கலந்த பச்சைக் கிளேஸ் (மண்பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு). சீனாவின் லோங்சுவான் அதற்குப் பேர்போன இடம். கிளேஸில் 2% சிவப்பு இரும்பு ஆக்சைடு போட்டு மின்சூளையில் 1260 டிகிரியில் சுட்ட உங்கள் லோங்சுவான் பாணிக் கிண்ணம் பச்சையாகாமல் தேன் மஞ்சளாக வந்ததாகச் சொல்கிறீர்கள். அதற்குக் கிளேஸ் கலவை காரணமில்லை. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் இரும்பு மஞ்சளாகத்தான் நிற்கும். உள்ளே போகும் காற்றைக் குறைத்துச் சுட முடிகிற கேஸ் சூளைக்கு மாறுங்கள். 900–950 டிகிரியிலேயே காற்றைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். கிளேஸ் உருகி மூடிக்கொண்ட பிறகு குறைத்துப் பெரிய பயனில்லை. மின்சூளைக்குள் விறகுத்துண்டு போடும் யோசனை மட்டும் வேண்டாம், கம்பிச்சுருள் அரித்துப்போகும்.

சூளை சரியானாலும், நீங்கள் போட்ட 2% சிவப்பு இரும்பு ஆக்சைடு நிறத்தை ஆலிவ் பச்சைப் பக்கம் இழுக்கும். நீலம் கலந்த பச்சைக்கு 1% போதும். களிமண்ணில் டைட்டானியம் இருந்தாலும் நீலம் செத்துவிடும். வெள்ளைப் போர்சிலின் களிமண் எடுங்கள். சீனாவின் தென் சோங் அரச வம்சக் காலத்தில் கிளேஸைப் பல பூச்சாகத் தடிமனாக ஏற்றினார்கள். கிண்ணத்தைக் கிளேஸில் ஒரே தடவை முக்கியெடுத்து அந்தத் தடிமனுக்கு ஆசைப்பட்டால் காயும்போதே வெடித்து உரியும்.