1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி ஏன் கொந்தளித்தது?

வ.உ.சி. கைதானார், ஊர் கொதித்தது என்று ஒரு வரியில் முடிப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. கைதுக்கு முன்பே தூத்துக்குடியில் பெரிய வெற்றி ஒன்று நடந்திருந்தது. பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். சில நாட்களிலேயே ஆலை நிர்வாகம் கூலியை உயர்த்தப் பணிந்தது. கப்பல் கம்பெனியைவிட ஆட்சியாளர்களை அதிகம் அச்சுறுத்தியது இதுதான் என்பது என் கருத்து. வக்கீலும் கூலித் தொழிலாளியும் ஒரே மேடையில் நின்றுவிட்டார்களே!

மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. நகராட்சி அலுவலகம், அஞ்சல் அலுவலகம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக. இந்தியாவின் தொடக்ககால அரசியல் வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. அதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். கலவரத்துக்குத் தண்டனையாக ஊர் மக்கள் மீது தனிப் போலீஸ் வரியும் சுமத்தப்பட்டது.