கறுப்புப் பியருக்குப் புள்ளி போடுறது: கேள்வி பதில்

கேள்வி (பரந்தன்): அண்ணை, ஸ்ரவுட் எண்ட கறுப்புப் பியரை ருசி பாக்க முறை எண்டு ஒண்டு இருக்கோ? வாய்க்குப் பிடிச்சா நல்லது, இல்லாட்டிக் கூடாது, அவ்வளவுதானே?

பதில்: பிடிச்சிருக்கு எண்டு சொல்ல ஆரும் காணும். ஏன் எண்டு சொல்லத்தான் முறை வேணும். பியர்ப் போட்டிகளில பாவிக்கிற பீஜேசீபி (பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் குடுக்கிற அமெரிக்க அமைப்பு) தாளில மொத்தம் 50 புள்ளி: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில நிக்கிற தன்மை 5, முழு அபிப்பிராயம் 10. கறுப்பா, நுரையா இருக்கெண்டு மயங்கிறவை அந்த 3-ஐப் பாருங்கோ.

பிரிட்ஜுக்குள்ள 4 பாகையில இருக்கிற போத்தலில மணம் எழும்பாது. 10 முதல் 13 பாகை வேணும். வெளியில எடுத்து 15 நிமிசம் காணும். எங்கட வெயிலில அரை மணித்தியாலம் விட்டா எல்லை தாண்டிப்போடும். கிளாஸில எண்ணெய்ப் பிசுக்கோ சவர்க்கார வாசமோ இருக்கக்கூடாது, நுரை செத்துப்போகும். மீன்குழம்பு திண்ட உதடும் அதே வேலையைச் செய்யும். கிளாஸைச் சரிச்சு முக்கால்வாசி ஊத்தி, கடைசியில நிமித்தி ஊத்துங்கோ, இரண்டு விரல் நுரை வரும். 60 முதல் 90 மில்லிலீற்றர் போதும்.

ஊத்தின கையோட மணவுங்கோ. சில மணங்கள் ஒரு நிமிசத்தில ஓடிப்போடும். உள்ளங்கையால மூடிச் சுழட்டி, கையை எடுத்து, மூக்கால சின்னச் சின்னனா இரண்டு மூண்டு இழுவை. பிறகு ரோச் வெளிச்சத்தில பிடிச்சா விளிம்பில மாதுளைச் சிவப்புத் தெரியும். பிறகுதான் வாய். நாக்கு முழுக்கப் படவிட்டு, விழுங்கி, மூக்கால மூச்சை விடுங்கோ. துப்பாதேங்கோ, விழுங்கின பிறகுதான் கைப்பு முழுசாத் தெரியும்.

எழுதேக்க உங்கட குசினியில இருக்கிற சாமானின்ர பெயரை எழுதுங்கோ. பனங்கட்டி, வறுத்த கோப்பிக்கொட்டை, பேரீச்சம்பழம், கறுவா. "சூப்பர்" எண்டு எழுதின தாளால ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எனக்கு ஒரே கைக்குது. பழுதான போத்தலோ?

பதில்: மூண்டு சாமானை ஒரே பெயரால கூப்பிடுறியள். கைப்பு பியருக்குள்ள போடுற ஹொப்ஸ் பூவால வாறது; அடிநாக்கில தெரிஞ்சு மெல்ல ஓயும். கருகல் வறுத்த பார்லியால வாறது. அடிப்பிடிச்ச சோறு, கோப்பித்தூள் மாதிரி. இது இரண்டும் ஸ்ரவுட்டில இருக்கலாம், இருக்கவும் வேணும். மூண்டாவது கயர். முத்தாத வாழைக்காய், கனநேரம் ஊறின தேயிலைச் சாயம் மாதிரி வாயை வறள வைச்சு, முரசை இழுத்துப் பிடிக்கும். கயர் சுவையில்லை, தொடுகை. அளவுக்கு மிஞ்சின சூட்டுத் தண்ணியால தானியத்தைக் கழுவினாலோ, கரியா வறுத்த தானியம் கூடினாலோ உமியில இருக்கிற ரனின் எண்ட கயர்ப்புச் சத்து இறங்கும். குறை எண்டு எழுத வேண்டியது கயரைத்தான். ஒரு மிடறு தண்ணி குடிச்சுப் பாருங்கோ. தண்ணி குடிச்சும் வறட்சி போகாட்டி அது கயர்.

கேள்வி (வவுனியா): ஐஸ் போடலாமோ?

பதில்: ருசி பாக்கவெண்டா வேண்டாம். நாக்கு மரக்கும், பியர் தண்ணியாகும்.

கேள்வி (மாங்குளம்): கறுப்பெண்டா வெறி கூட எண்டு சொல்லுகினம்.

பதில்: நிறத்துக்கும் வெறிக்கும் சம்பந்தமில்லை. லயன் ஸ்ரவுட் 8.8 வீதம்; பொன்னிற லயன் ஸ்ரோங்கும் 8.8. கறுகறு எண்டு இருக்கிற கின்னஸ் ட்ராட் 4.2 தான். தானியத்தில பத்தில ஒரு பங்கைக் கரிய வறுத்தாலே முழுக்கக் கறுக்கும். ஆனா கணக்கொண்டு: 8.8 வீதத்தில 625 மில்லிலீற்றர் போத்தல் எண்டா 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். 33.5 வீதச் சாராயத்தில 164 மில்லிலீற்றர் குடிச்சதுக்குச் சமன். "பியர்தானே" எண்டு மோட்டச்சைக்கிளில ஏறாதேங்கோ.

கேள்வி (நெடுங்கேணி): பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு ஸ்ரவுட் குடுத்தா இரத்தம் ஊறும் எண்டு அம்மம்மா சொல்லுறா.

பதில்: ஊறாது. அதில இருக்கிற இரும்புச்சத்து சொற்பம், மதுசாரம் தாய்ப்பாலுக்கும் போகும். கிளினிக்கில கேளுங்கோ.

கேள்வி (முள்ளியவளை): ஐஸ் கொஞ்சமாப் போட்டா?

பதில்: மேல பாருங்கோ.

கேள்வி (மல்லாவி): இதெல்லாம் வெள்ளைக்காரன்ர தாள். எங்கட பனங்கள்ளுக்கு இந்தத் தாளில எத்தினை புள்ளி விழும்?

பதில்: இந்தத் தாளில வைச்சா தோத்துப்போகும். தாள்தான் பிழை, கள்ளில பிழையில்லை. பீஜேசீபி அமைப்பின்ர பியர் வகைப்பட்டியலில "ட்ரொப்பிக்கல் ஸ்ரவுட்" எண்டு ஒரு வகை இருக்கு. உதாரணங்களில லயன் ஸ்ரவுட்டும் ஒண்டு. இனிப்புத் தூக்கலா, பழவாசத்தோட, கருகல் அடங்கி இருக்கவேணும் எண்டு அதில எழுதிக்கிடக்கு. கள்ளுக்கு அப்பிடி ஒரு அளவுகோல் அதில இல்லை.

மாங்குளத்தார் குறுக்க: புளிச்சா எல்லாம் பழுதுதானே அண்ணை, கள்ளுக்கு மட்டும் என்ன சலுகை?

பதில்: சலுகையில்லை. பியரைக் கொதிக்கவைச்சு, ஆற்றி, தெரிஞ்செடுத்த ஈஸ்ற்றைப் போடுகினம். ஸ்ரவுட்டில தயிர்ப்புளி தூக்கினா கிருமி பூந்திட்டுது எண்டு அர்த்தம். (வறுத்த பார்லியால வாற மெல்லிய புளிப்பு வேற, அதுக்குப் புள்ளி வெட்டாதேங்கோ.) கள்ளைக் கொதிக்கவைக்கிறேல்லை. முட்டியிலயும் காத்திலயும் இருக்கிற ஈஸ்ற்றும் பக்ரீரியாவும் சேந்துதான் நொதிக்கப்பண்ணும், தயிர்ப்புளி அதோட பிறந்தது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினா நொதிப்பு நிண்டு கருப்பநீராகும். கள்ளில வெட்டவேண்டியது வினாகிரிப் புளி, மூக்கைக் குத்திற புளி.

மல்லாவி: காலமைக் கள்ளும் பின்னேரக் கள்ளும் ஒண்டில்லையே. எதுக்குப் புள்ளி?

பதில்: சரியான கேள்வி. இறக்கின நேரத்தைத் தாளின்ர தலையில எழுதவேணும். இறக்கின பிறகும் நொதிச்சுக்கொண்டே இருக்கிற சாமானுக்கு நேரமில்லாத புள்ளி செல்லாது. தோற்றத்தில கலங்கலை வெட்டக்கூடாது. பிளாவில (பனையோலைக் குடுவையில) குடிச்சா ஓலை மணமும் சேரும், ஆகவே எல்லாருக்கும் ஒரே பாத்திரம்.

மாங்குளத்தார்: அப்ப கள்ளுக்குத் தனித்தாள் போடுங்கோவன்.

பதில்: மணத்துக்குக் கூட, தோற்றத்துக்கு 1, புளிப்பின்ர சமநிலைக்குத் தனிப் பெட்டி. ஆனா நீங்கள் இரண்டு பேரும் சேந்து எழுதுங்கோ. இஞ்ச இன்னும் ஆக்கள் நிக்கினம்.

கேள்வி (கிளிநொச்சி): ஒரு போத்தலில சோயா சோஸ், மாமைற் மணம் வந்தது. ஏன்?

பதில்: மாமைற்றே பியர் ஈஸ்ற்றில செய்யிறதுதான். செத்த ஈஸ்ற் உடைஞ்சா அந்த இறைச்சிச் சாறு மணம் வரும். சூட்டில கிடந்து வயசுபோனாலும் சோயா மணம் வரும். நனைஞ்ச காட்போட் மட்டை மணம் சேந்திருந்தா ஒட்சிசன்தான் காரணம். வயசுபோன மணம் பேரீச்சம்பழ அளவில நிண்டா புள்ளி வெட்டாதேங்கோ. 10 பாகை கூடினா பியர் கெடுற வேகம் இரண்டு மூண்டு மடங்காகும்; தகரக் கூரைக்குக் கீழ அடுக்கின பெட்டியை வாங்காதேங்கோ. திகதியையும் பாருங்கோ.

கேள்வி (ஒட்டுசுட்டான்): வீட்டில காய்ச்சிறது எப்பிடி?

பதில்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சிறது குற்றம். அடுத்தது.

கேள்வி (விசுவமடு): மூடி திறந்த உடன நுரை சீறிக்கொண்டு வந்தது. அதை வைச்சு ருசி பாக்கலாமோ?

பதில்: குலுங்கினதோ, சூடோ எண்டு முதல் பாருங்கோ. இன்னொரு போத்தலை ஒரு நாள் ஆடாமல் குளிரில வைச்சுத் திறவுங்கோ. அதுவும் சீறினா, கழுத்துக்குள்ள வட்டமாப் படை ஒட்டியிருந்தா, கிருமி. புள்ளி போடாமல் கீழ ஊத்திப்போடுங்கோ.

கேள்வி (வவுனியா): அண்ணை, ஐஸ்...

பதில்: தம்பி, சோடாவுக்குப் போடுங்கோ.