கைக்கெட்டும் மீன், எட்டாத ஈட்டி

கேள்வி: நீச்சல் குளத்தில் இரண்டரை நிமிடம் மூச்சடக்குகிறேன். ஆனால் கடலில் ஈட்டித் துப்பாக்கியோடு முங்கினால் மீன் ஓடிவிடுகிறது. நின்றாலும் ஈட்டி எட்டுவதில்லை. முங்கும் முன் இருபது முப்பது தடவை வேகமாக மூச்சை இழுத்துவிட்டால் கூடுதல் நேரம் தாங்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: ஈட்டி எட்டாததற்கு உங்கள் முகக்கண்ணாடிதான் காரணம். தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கு ஒளி வரும்போது வளைகிறது. 4 மீட்டரில் நிற்கும் மீன் 3 மீட்டரில் நிற்பதாகத் தெரியும், உருவமும் பெருத்துக் காட்டும். (முதல் பாரை மீனைக் கரையில் போட்டுவிட்டு, ‘இதுவா அது?’ என்று நானே கேட்டிருக்கிறேன்.) அடிக்கலாம் என்று கை துடிக்கும்போது இன்னொரு மீட்டர் நெருங்க விடுங்கள். குறி, செவுள் மூடிக்குச் சற்றே பின்னால். முதுகெலும்பில் பட்டால் மீன் அங்கேயே அடங்கிவிடும். வயிற்றில் பட்டால் பிய்த்துக்கொண்டு போய் எங்கோ வீணாகச் சாகும்.

ஓடுகிறது என்றால் நீங்கள் துரத்துகிறீர்கள் என்று அர்த்தம். நீரின் அசைவை உணர மீனுக்கு விலாவோடு ஒரு கோடு ஓடுகிறது; உங்கள் ஒவ்வொரு உதையும் அதற்குத் தெரியும். பாறை மறைவில் தரையோடு படுங்கள். நேராக முறைக்காதீர்கள். நான் ஒரு பிடி மணலை எடுத்து மெதுவாக நழுவ விடுவேன். அந்தப் புழுதி என்னவென்று பார்க்க பாரை தானாக வரும்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. வேண்டவே வேண்டாம். வேக மூச்சு உடம்பில் ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டாது; கார்பன் டை ஆக்சைடைத்தான் குறைக்கும். ‘மூச்சு விடு, மேலே போ’ என்று நெஞ்சை முட்டுவதே அந்த வாயுதான். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பதைப் போல. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. மேலே ஏற ஏற அது குறைய, நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரியும். அதனால்தான் பலரும் கடைசிச் சில மீட்டரில் நினைவிழக்கிறார்கள்.

பலர் என்ன, நானும்தான். மேலே வெளிச்சமும் கூட்டாளி காலில் மாட்டியிருந்த துடுப்பும் தெரிந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது என் கன்னத்தில் விழுந்த அறை. மூச்சு முட்டவே இல்லை, சுகமாகவே இருந்தது. அன்று அவர் மேலே மிதந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் முங்கியிருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே, கண் எடுக்காமல். கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. முங்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப்பட்டை ஒரே இழுப்பில் கழல வேண்டும்.

கேள்வி: அடிபட்ட களவா மீன் பொந்துக்குள் போய் இறுகிக்கொள்கிறது. இழுத்தும் வரவில்லை.

பதில்: செவுளையும் முள்ளையும் விரித்து அடைத்துக்கொள்ளும்; நீங்கள் இழுக்க இழுக்க இறுகும். துப்பாக்கியின் கயிறு மேலே மிதவையில் கட்டியிருக்கிறது அல்லவா? துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு மேலே வாருங்கள். நன்றாக மூச்சு வாங்கிய பிறகு போகலாம், களவா அங்கேதான் இருக்கும்.