ஓலையைத் திருப்பிப் பாருங்கள், மருந்து பிறகு

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பு. ஆறு வயதுத் தென்னை. ஓலையின் மேலே கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மூன்று தடவை மருந்தடித்தும் திரும்ப வருகிறது. வேரில் மருந்து கட்டலாமா?

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். வேரில் கட்டும் மருந்து இளநீர் வரைக்கும் போகும். அதைக் குடிப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான்.

இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் 2016-ல் முதலில் கண்ணில் பட்டதே உங்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். தாய் ஈ ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு மெழுகால் மூடும். பொரிந்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், ஈயாகும்வரை அங்கேயே சாறு குடிக்கும். முட்டையிலிருந்து ஈயாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் ஓலைமேல் சொட்ட, அதில் கரும்பூசணம் படர்கிறது. நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

மருந்து ஏன் பலிக்கவில்லை? மெழுகுக்குள் இருப்பது தப்பிக்கிறது. அதைக் கொல்ல வரும் குளவி சாகிறது. என்கார்சியா என்னும் அந்தக் குளவி கடுகைவிடச் சின்னது. ஓர் ஓலையைத் திருப்பி, மெழுகை விரலால் மெல்லத் துடைத்து, லென்ஸில் பாருங்கள். கூட்டுப்புழுக்களில் சில கறுத்திருந்தால் குளவி உள்ளே முட்டையிட்டிருக்கிறது. கறுப்பில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஓட்டை விழாத கறுப்புக் கூடுள்ள ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் செருகி வையுங்கள்.

பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? 2008-ல் கோவையில் தென்பட்டது, மருந்துக்கு அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த குளவிதான் அடக்கியது. அதைப் பார்த்ததால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

குளவி பெருகும்வரை, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 8 முதல் 10 வரை ஆள் உயரத்தில் கட்டுங்கள். மரம் குட்டையாகத்தானே இருக்கிறது, ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கரும்பூசணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய பசையை ஓலைமேல் தெளியுங்கள். காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து விழும். தாக்குதல் மிக அதிகமான மரத்துக்கு மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை ஒட்டுத்திரவத்தோடு கலந்து அடியுங்கள். கறுப்புக் கூடு நிறைய உள்ள மரத்தில் அதுவும் வேண்டாம்.