குகைக்குள் விளக்கு அணைவதற்குள் வழி கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: தங்கச்சிமடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். ஆங்கிலம் வாசித்துப் பழகட்டுமே என்று லேப்டாப்பில் 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' போட்டுக் கொடுத்தேன். குகைக்குள் பொக்கிஷம் தேடும் கணினி ஆட்டம் அது. படமே கிடையாது, நாம் கட்டளை தட்டினால் எழுத்தில் பதில் வரும். வடகிழக்கே போக 'நார்த்ஈஸ்ட்' என்று தட்டினால் வடக்கே போகிறது. பறவை பிடிபட மாட்டேன் என்கிறது. ஒரே மாதிரி தெரியும் பாதைகளுக்குள் போனால் வெளியே வர முடியவில்லை, அதற்குள் விளக்கும் அணைந்துவிடுகிறது. இணையத்தில் விடையைப் பார்க்காமல் பிள்ளைகளே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில் கிரவுதர் எழுதிய ஆட்டத்தை டான் உட்ஸ் 1977-ல் விரிவாக்கினார். பிறகு பலரும் அறைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 'ஸ்கோர்' என்று தட்டும்போது மொத்தம் 350 என்று வந்தால் உங்களிடம் இருப்பது உட்ஸின் ஆட்டம். இங்கே சொல்வதெல்லாம் அதற்குத்தான். மதிப்பெண்ணைச் சொன்ன கையோடு, ஆட்டத்தை முடித்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்கும். அவசரத்தில் 'எஸ்' (ஆம்) என்று அடித்துவிடாதீர்கள்.

திசைக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. இந்த ஆட்டம் எந்தச் சொல்லிலும் முதல் ஐந்து ஆங்கில எழுத்தை மட்டுமே பார்க்கும். வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முதல் ஐந்தும் ஒன்றுதான். அதனால் 'என்ஈ', 'எஸ்டபிள்யூ' என்று சுருக்கித் தட்டுங்கள். கட்டளையும் இரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது. 'டேக் லாம்ப்' போதும். இலக்கணப் புத்தகத்து முழு வாக்கியம் அதற்குப் புரியாது.

விளக்கின் பேட்டரி 330 நகர்வுகளுக்குத்தான் வரும். தொடக்கத்தில் விளக்கவுரை வேண்டுமா என்று கேட்கும்போது 'எஸ்' சொன்னால் அதுவே 1000 ஆகிவிடும். அதற்கு விலை 5 மதிப்பெண். புதிதாக ஆடும் பிள்ளைகள் யோசிக்காமல் 'எஸ்' சொல்லலாம். குகைக்கு வெளியிலும், ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றுக் கட்டடத்துக்குள்ளும் வெளிச்சம் இருக்கிறது. அங்கே 'ஆஃப்' தட்டி அணைத்து வையுங்கள், எரியும்போது மட்டுமே கணக்கு ஓடும். குகைக்குள் காசு போட்டால் பேட்டரி தரும் இயந்திரம் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் காசே மதிப்பெண் தரும் பொக்கிஷங்களில் ஒன்று, போட்டால் அந்த மதிப்பெண் போச்சு. விளக்கு அணைந்தபின் இருட்டில் தடவிக்கொண்டு நடக்க வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் குழியில் விழுந்து சாக 35 சதவீத வாய்ப்பு.

இனி அந்தப் பாதைகள். அறைகளின் வர்ணனை ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாகவே இருக்கும். அதைவிட ஏமாற்றுவது, கிழக்கே போய் மேற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கு வரமாட்டீர்கள் என்பதுதான். கோடு போட்டுப் படம் வரைந்தால் நாலாவது அறையிலேயே சிக்கலாகிவிடும். அட்டவணைதான் சரி. அறைக்கு ஒரு வரிசை. எட்டுத் திசை, மேல், கீழ் என்று பத்துப் பத்தி.

அறைகளைப் பிரித்துக் காட்ட ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் போட வேண்டும். 'டிராப் கீஸ்' என்று தட்டினால் அது 'சாவி அறை'. ஒரு திசையில் நகருங்கள். வந்த இடத்தில் எதுவும் கிடக்காவிட்டால் புது அறை, அடுத்த பொருளைப் போடுங்கள். சாவி கிடந்தால் பழைய இடத்துக்கே வந்திருக்கிறீர்கள். எந்தத் திசையில் வந்தீர்களோ அந்தக் கட்டத்தில் 'சாவி' என்று எழுதுங்கள். வழி இல்லை என்று பதில் வந்தால் கட்டத்தில் ஒரு குறுக்குக் கோடு. மூலைத் திசைகளையும் விடாதீர்கள். நாலு திசையோடு நிறுத்துபவர்கள்தான் முக்கியமான இடத்தைக் கோட்டைவிடுகிறார்கள். சாவி, உணவு, பாட்டில், கூண்டு, கோல் ஆகியவை இதற்குப் போதும். பொக்கிஷத்தை அடையாளமாகப் போட வேண்டாம், குகைக்குள் திரியும் கொள்ளைக்காரன் வந்தால் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவான். கையில் ஏழு பொருளுக்கு மேல் ஏறாது, விளக்கும் அதில் ஒன்று.

பாதைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதில்லை. அதனால் ஓர் ஆட்டத்தை அட்டவணைக்காகவே பலி கொடுங்கள். விளக்கு அணைந்தால் அணையட்டும், எழுதிய தாள் கையில் இருக்கிறதே. 'சஸ்பெண்ட்' தட்டினால் ஆட்டம் சேமிக்கப்பட்டு மூடிக்கொள்ளும். அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், போன நகர்வைத் திரும்பப் பெறும் வசதி இதில் இல்லை.

கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லித்தரத் தேவை இருக்காது, வாடை, கொண்டல் என்று திசைக்கு ஒரு காற்றின் பெயர் வீட்டில் தினம் காதில் விழும் பேச்சு. அட்டவணைத் தலைப்பில் அப்படியே எழுதட்டும். கச்சான் என்ற காற்றின் பெயரை மட்டும் தவிர்ப்பது நல்லது. மேற்கா தென்மேற்கா என்பது ஊருக்கு ஊர் மாறும், மூலைத் திசைகள் உள்ள ஆட்டத்தில் அது வம்பு. ஒருவர் தட்ட, ஒருவர் எழுத, மூன்றாமவர் வர்ணனையை உரக்க வாசிக்கட்டும். ட்யூஷனுக்கு அந்த மூன்றாவது வேலைதான் லாபம்.

பறவைக்கு விடை ஆட்டம் தரும் பதிலிலேயே இருக்கிறது. நீங்கள் உள்ளே வந்தபோது அது பயப்படவில்லை, கிட்டே போனதும் கலவரப்படுகிறது என்று ஆட்டம் சொல்லும். அப்படியானால் அதைப் பயமுறுத்துவது உங்கள் கையில் உள்ள ஏதோ ஒன்று. 'இன்வென்டரி' தட்டி, ஒவ்வொன்றாகக் கீழே போட்டுப் பிள்ளைகள் பார்க்கட்டும். கூண்டைப் போட்டுவிடக் கூடாது, அது இல்லாமல் பறவையைத் தூக்க முடியாது. கோலைக் கீழே வைத்ததும் பிடிபடும். பிறகு கோலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், குகைக்குள் வழியில் வரும் பிளவைக் கடக்க அது வேண்டும். பறவை எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை. 'மலையரசனின் மண்டபம்' என்ற அறையில் பாம்பு வழிமறிக்கும்போது கூண்டு கையில் இருக்கட்டும்.