இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிளக்

கேள்வி: ஐயா, என்னிடம் 660 சீசீ கொள்ளளவுள்ள சிறிய யப்பான் வான் ஒன்று உண்டு. இயந்திரம் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது குலுங்குகிறது. சுமை ஏற்றினால் இழுவை போதவில்லை. மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்ற வேண்டும் என்று கராஜில் கூறினார்கள். இரண்டு கைக்கு எட்டுகின்றன. மூன்றாவது ஒரு குழாய்க்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: மாற்றலாம். ஆனால் பழைய பிளக்கைக் கழற்றுவதில் அல்ல, புதியதைப் பூட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் பூட்டப்படும் சிலிண்டர் ஹெட், அதாவது இயந்திரத்தின் மேற்பகுதி, அலுமினியத்தால் ஆனது. உருக்கினாலான பிளக் கோணலாக ஏறினால் கெடுவது பிளக்கின் மரை அல்ல, ஹெட்டின் மரைதான்.

மாலையில் வானை நிறுத்திவிட்டு, இயந்திரம் முழுவதும் ஆறிய மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றியபின், பிளக்குகளின் மேல் அமர்ந்து அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களுக்கு வரலாம். இருக்கைக்கு அடியில் பல ஆண்டுகள் வெந்த பிளாஸ்ரிக் கொழுவிகள் பிஸ்கற் போல நொறுங்கும் என்பதால், வயரைப் பிடித்து இழுக்காமல், கொழுவியைப் பெருவிரலால் அமுக்கிக் கழற்றுங்கள். கொயிலை எடுத்தவுடன் பிளக்கைத் திருகிவிடாதீர்கள். பிளக் இருக்கும் குழிக்குள் உங்கள் பக்கத்துச் செம்மண் தூசி நிச்சயம் படிந்திருக்கும். பிளக் வெளியே வந்த கணத்தில் அது சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பின் முனையில் மெல்லிய ரியூப் ஒன்றைப் பொருத்தி நன்றாக ஊதுங்கள்.

மறைந்திருக்கும் மூன்றாவது பிளக்குக்கு, உள்ளே றப்பர் பதித்த பிளக் சொக்கெற், ஒரு நீட்டுத் தண்டு, வளைந்து கொடுக்கும் ஜொயின்ற் ஆகிய மூன்றும் வேண்டும். ஜொயின்ற் துவண்டு விழுந்து தொல்லை தரும்; அதன்மேல் இன்சுலேசன் ரேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் வேண்டிய அளவுக்கு வளையும், தானாகச் சாயாது. கழற்றும்போது பாதியில் இறுகினால் மல்லுக்கட்டாமல், சற்று உள்ளே திருப்பி, துருநீக்கி எண்ணெய் சில துளி விட்டுப் பொறுத்திருந்து மீண்டும் முயலுங்கள்.

பூட்டுவதற்குச் சொக்கெற்றைத் தொடவே வேண்டாம். ஓர் அடி நீளமான பெற்றோல் குழாய்த் துண்டை பிளக்கின் தலையில் இறுக்கமாகச் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுழற்றினால், மரையின் தொடக்கத்தில் பிளக் 'டிக்' என்று சிறிது கீழே விழுவதை விரல் உணரும். அதன்பின் வலப்பக்கம் திருப்புங்கள். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுழலுமே தவிர மரையை வெட்டாது. சொக்கெற்றுக்கு அந்த இரக்கம் கிடையாது. ஐந்தாறு சுற்றாவது குழாயாலேயே இறங்காத பிளக்கை ஒருபோதும் சொக்கெற்றால் இறுக்காதீர்கள். இறுக்கும் முறுக்குவிசை, 12 மில்லிமீற்றர் மரைக்கு 15 முதல் 20 நியூற்றன் மீற்றரும் 14 மில்லிமீற்றர் மரைக்கு 25 முதல் 30 நியூற்றன் மீற்றரும் ஆகும். அளக்கும் கருவி இல்லையென்றால், புதிய பிளக்கின் வாஷர் ஹெட்டில் பட்டபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். மரையில் கிறீஸ் பூசவேண்டாம். பூசினால் கை அறியாமலே அளவுக்கு மீறி இறுகிவிடும்.

இத்தகைய சிறிய இயந்திரங்கள் அதே வேகத்தில் ஓடும்போது பெரிய கார்களைவிட அதிக தடவை சுழல்கின்றன. அதனால் சாதாரண நிக்கல் பிளக்கை 7,000 முதல் 10,000 கிலோமீற்றருக்குள் மாற்றுவது நல்லது. எட்டாத இடத்துக்கு நீண்டகாலம் உழைக்கும் இரிடியம் பிளக்கையே நான் தேர்வேன். விலை கூடினாலும் முழங்கை தப்பும். ஆனால் யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் கரிபிடித்த பிளக்குகளை அரத்தாளால் தேய்த்த பழக்கம் இன்னும் நம்மில் பலரின் கையில் இருக்கிறது. இரிடியத்தின் ஊசிமுனையில் அதைக் காட்டினால் பிளக் அன்றோடு முடிந்தது.

கேள்வி: பிளக் கழற்றுவதற்காகக் கொயிலை இழுத்தபோது அதன் றப்பர் எண்ணெயில் ஊறியிருந்தது. இயந்திரம் பழுதா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பயப்பட வேண்டாம். குழியில் மட்டும் எண்ணெய் நின்றால் மேல்மூடியின் றப்பர் சீல் காய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றினால் போதும். பிளக்கின் தீப்பொறி முனையே எண்ணெயில் நனைந்திருந்தால்தான் பிஸ்ரன் வளையங்களையோ வால்வு சீல்களையோ பார்க்க நேரிடும். எதுவானாலும், பிளக்கைத் திருகுமுன் ஒரு கம்பியில் துணியைச் சுற்றி அந்த எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். ஊறி உப்பிய கொயில் றப்பரைத் திரும்பப் போடாதீர்கள். போட்டால் புதிய பிளக்கிலும் தீப்பொறி பக்கவாட்டில் பாய்ந்து, குலுக்கம் அப்படியே இருக்கும்.